போட்டோ மூட்டை

சென்ற வாரம் செஞ்சி பஸ் நிலையத்தில் ஒரு நிவாரணப் பையை ஏழு பேர் பிடித்துக்கொண்டு கேமராவுக்குச் சிரித்தார்கள். வாங்க வந்தவர் அவர்கள் தோளுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கு ஏனய்யா இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நானும் அந்தத் தொழிலில் இருந்தவன்தான்.

அறுபதுகளில், அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில், இங்கே சர்க்கார் விளம்பர ஆபீசில் போட்டோ எடுக்கும் வேலை எனக்கு. கழுத்தில் கேமரா தொங்கியதால் ராஜகிரிக் கோட்டையே என்னுடையது என்று நினைப்பு. ஆபீசர் வெள்ளைக்காரன் காலத்து ஆள். உலக யுத்தத்தில் நெல்லெல்லாம் பட்டாளத்துக்குப் போக, 'சர்க்கார் உங்களைக் கைவிடாது' என்று ஊர் ஊராகச் சொல்வதற்குத் துரைமார் உண்டாக்கிய வேலை எங்களுடையது. அவர்கள் விட்டுப்போன வழக்கப்படி ஜீப்பில் எப்போதும் ஓர் அரிசி மூட்டை இருக்கும். யார் கையிலாவது ஒரு முறம் அரிசி கொடுத்துப் படம் எடுத்ததும், திரும்ப மூட்டையில் கொட்டிக் கட்டிவிடுவோம். போட்டோ மூட்டை என்றே அதற்குப் பெயர். வண்டு நெளியும். துரை கப்பலேறிவிட்டார், மூட்டை மட்டும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

ஒரு நாள் காலை தொண்டூரில், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வந்தாள். முறத்தைக் கொடுத்தோம். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆபீசர் என்னை முறைத்தார்.

"சிரிம்மா. சிரிச்சாதான் அரிசி" என்றேன்.

சிரித்தாள். எடுத்தேன். டிரைவர் வந்து முறத்தைப் பிடித்தார். அவள் விடவில்லை.

"அதான் போட்டா புடிச்சிகினீங்க இல்ல? அப்பறம் இன்னா? புள்ள நேத்துலேர்ந்து சாப்டல."

"ஒனக்குக் குடுத்துட்டா அடுத்த ஊர்ல இன்னாத்தம்மா காட்றது?" என்றார் ஆபீசர், பெரிய நியாயம் பேசுகிறவர் போல.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்கதான சொன்னீங்க."

நான் கேமராவை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. டிரைவர் பிடுங்கியதில் சிந்திய அரிசியை அவள் மண்ணோடு வழித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அதையாவது விட்டுவைத்தோமே என்று வெகுகாலம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

படம் பத்திரிகையில் வந்தது. அச்சில் வந்த என் முதல் படம். அம்மாவிடம் காட்டினேன். அந்தப் பிள்ளையின் முகத்தை விரலால் தடவிக்கொண்டே, "எவ்ளோ அரிசி குடுத்தாங்கடா?" என்று கேட்டாள்.

"ரெண்டு படி" என்றேன்.

"புண்ணியமான வேலைடா. உட்டுடாத."

விடவில்லை. ஓய்வு பெறும்வரை அதுதான் எனக்குச் சோறு போட்டது. இப்போது அந்த ஜீப் இல்லை, ஆபீசர் இல்லை, படிக்கணக்கில் அளப்பாரும் இல்லை. ஒரு மணி அரிசிகூடக் கொடுக்கவில்லையம்மா என்று சொல்லலாமென்றால், அம்மாவும் இல்லை.