டாக்டர்தான் கொலைகாரன்

போன வாரம் மழையில் கரண்ட் போய், எங்கள் எஸ்டேட் லயத்தில் யாரும் துப்பறியும் தொடரின் முடிவைப் பார்க்கவில்லை.

மறுநாள் தேவிகுளம் போகும் ஜீப்பில், மேல் டிவிஷன் செல்வி அக்கா அதைச் சொல்லிவிட்டார். "சொல்லாதீங்கக்கா" என்று நான் கெஞ்சக் கெஞ்சச் சொன்னார்.

இந்த வாரக் கதையின் முதல் பாதி நேற்று டிவியில் வந்தது. இன்றிரவு வரவேண்டிய முடிவு காலையிலேயே செல்போனில் வந்துவிட்டது. சோறு வேகும் நேரத்தில் முழுவதையும் பார்த்துவிட்டேன்.

ஜீப்பில் அதே பேச்சு.

"டாக்டருதான் கொன்னுருக்கான். அவன் முழியே சரியில்ல," என்றார் அக்கா.

சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்லக்கா, செத்தவளோட தங்கச்சி. நான் பாத்துட்டேன்," என்றேன்.

அக்கா ஒரு வளைவு தாண்டும்வரை யோசித்தார். பிறகு ஜீப் முழுக்கக் கேட்கும்படி, "நான் மொதல்லயே நெனச்சேன்! அவ அழுத அழுகையே பொய்யில்லா? தங்கச்சி இல்லன்னா நாளைக்கு எல்லாருக்கும் பழம்பொரி நான் வாங்கித் தாரேன்," என்றார்.

இன்றிரவு மட்டும் கரண்ட் போகக் கூடாது. வேண்டிக்கொள்ளுங்கள்.

"எங்களுக்கும் முடிவைச் சொல்லிவிட்டாயே" என்று இங்கே சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். என்னிடம் இதற்கு முன் முடிவைச் சொன்னவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.