கும்பிட்ட கையும் காவிரியில் போன புல்லட்டும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பங்காளி விஷயம், ஊர் விஷயம், சாமி விஷயம் மூன்றும் இதில் கலந்து கிடக்கின்றன. நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிக் கொடுத்தால் யாராவது திருத்திவிடுவார்களோ என்கிற பயமும் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எங்கள் ஊர் வெள்ளகோவில் பக்கம். மகளுக்கு அம்மை போட்டு, பிழைப்பாளா என்று கிடந்து பிழைத்தாள். மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக என் வீட்டுக்காரி வேண்டிக்கொண்டாள். ஊர்த் திருவிழாவான நோம்பியன்று கோயில் முன்னால் மூன்று கல் கூட்டி, ஈர விறகோடு போராடி, பால் நுரைகட்டி மேலே வருகிற நேரம், என் பெரியப்பா மகன் புதுப் புல்லட்டில் வந்தார். அடுப்பு வரிசைக்குள்ளேயே ஓட்டினார். முன்சக்கரம் கல்லில் இடித்து, பொங்குவதற்கு முன்னாலேயே பானை உருண்டது.

"அட, பானைதானே அம்மணி. வேற வாங்கிக்கலாம்" என்று சிரித்துவிட்டுக் கோயில் வாசல் வரைக்கும் ஓட்டிப்போனார்.

அதற்கப்புறம் வந்த நோம்பிக்கு அவள் பானை வைக்கவில்லை. மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும், ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று நடுங்குவாள். "அவரு தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க, மறுபடியும் வெப்பேன்" என்றாள். நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவன். அந்த நாட்களில் ஆத்தாளிடம் வேறெதுவும் கேட்கவில்லை. அந்த வண்டி உருள வேண்டும், அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

கொடுமுடிக்கு அக்கரையில் எங்கள் அத்தை தவறிப்போனார் என்று கேதம் சொல்லி ஆள் வந்தது. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் பங்காளிகள் சேர்ந்து போய்த்தான் பிறந்த வீட்டுக் கோடித்துணி போட வேண்டும். அதனால் கோடியை மடியில் வைத்துக்கொண்டு அதே புல்லட்டின் பின்னால் உட்கார்ந்தேன்.

காவிரிக் கரையில் பரிசல்காரர் வண்டியைப் பார்த்ததும், "இதைய இங்கயே உட்டுப்போட்டு வாங்க" என்றார்.

"கேதத்துக்கு நடந்து போறதுக்கா புல்லட்டு வாங்குனேன்? ஏத்துங்க" என்றார் இவர்.

பலகை போட்டு மூன்று பேரும் மூச்சுப்பிடித்துத் தள்ளி ஏற்றினோம். பரிசல் பாதிக்கு மேல் தண்ணீரில் இறங்கிவிட்டது.

"ஸ்டேண்டு போட்டுறாதீங்க, அடியக் குத்தி ஓட்டை போட்டுப்போடும். ஆளுக்கொரு பக்கம் புடிச்சுட்டு நில்லுங்க" என்றார் பரிசல்காரர்.

இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் புல்லட். ஆறு அமைதியாக இருந்தது. பாதி தூரத்தில் கேட்டேன்.

"ஏனுங்ண்ணா, பானை உருண்டதுக்கு என்ற ஊட்டுக்காரிகிட்ட தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

"இன்னும் அந்தப் பானையத்தான் தூக்கிட்டுத் திரியறயா? பொம்பள பேச்சக் கேட்டுட்டு ஆத்துக்கு நடுவுல பஞ்சாயத்து வெக்கிறயாக்கும்? அதா கோபுரந் தெரியுது பாரு. சாமிகிட்டயே சொல்லு, போ!"

"செரிங்ண்ணா" என்றேன். இரண்டு கையையும் எடுத்து, கொடுமுடிக் கோபுரத்தைப் பார்த்து ஆத்தாளை நினைத்துக் கும்பிட்டேன்.

வண்டி என் பக்கம் சாய்ந்தது. அவர் பதறிப்போய் வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தார். அவ்வளவு கனத்தை அவரால் தாங்க முடியவில்லை. விலகிக்கொண்டார். புல்லட் அவர் பக்கத்து விளிம்பில் விழுந்து தொங்கியது, தண்ணீர் உள்ளே ஏறியது.

"தம்பி, நீங்க எதிர்ப்பக்கம் போயி உக்காருங்க! அண்ணா, நீங்க வண்டியத் தள்ளுங்க, இல்லீனா மூணு பேரும் போயிருவோம்!" என்று கத்தினார் பரிசல்காரர்.

நான் எதிர் விளிம்பில் போய் உட்கார்ந்தேன். அவர் தன் கையாலேயே தன் புல்லட்டைத் தள்ளினார். அது ஆழமான கசம். கொஞ்ச நேரம் குமிழி வந்தது, அப்புறம் பெட்ரோல் மட்டும் மேலே படர்ந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அட, வண்டிதானுங்ண்ணா. வேற வாங்கிக்கலாமுங்க" என்றேன்.

கேதத்துக்கு இரண்டு பேரும் நடந்தே போனோம். கோடி நனையவில்லை.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

"தப்புன்னு சொன்னாருங்களா?"

"இல்ல."

"சொல்லாட்டிப் போகுதுங்க. நோம்பிக்கு நடந்து வரட்டும்."

அடுத்த நோம்பிக்கு அதே இடத்தில் கல் கூட்டிப் புதுப்பானை வைத்தாள். அவர் நடந்து வந்தார். எங்கள் அடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போனார். அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கியது. என் வீட்டுக்காரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே "பொங்கலோ பொங்கல்" என்று போட்ட சத்தம் இன்னும் என் காதில் இனிக்கிறது.

ஊரில் பாதிப் பேர், ஆத்தாளே வண்டியை இழுத்துக்கொண்டாள் என்கிறார்கள். மீதிப் பேர், நான் பிடித்துத் தள்ளினேன் என்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். மனசாரக் கும்பிட்டதும் நான்தான், கையை எடுத்தால் வண்டி நிற்காது என்று தெரிந்து எடுத்ததும் நான்தான். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டுச் சொல்லாதீர்கள்.