அடுப்பில் விழுந்த கணக்கேடு

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம், நயினாதீவில் எங்கள் வீட்டுக் குசினியில் நடந்தது இது.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். என் மகளோ பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தாள். அந்தக் காலத்துச் சனம் எப்படிக் கணக்குப் பார்த்தது என்று கட்டுரை எழுத வேண்டுமாம். நூலகத்தில் பழைய ஏடுகளைப் பூட்டி வைத்திருக்கும் தனி அறையே கதியென்று கிடந்தாள். அங்கிருந்த ஒரு கணக்கேட்டின் குறிகள் அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்குக் கீழ்வாயிலக்கம், அதாவது பின்னங்களின் வாய்பாடு, பாடம். என்னைப் பெற்ற அப்பு கிணற்றில் துலா மிதித்து நீர் இறைத்தபடி சொல்லச் சொல்லப் பிடித்தது. நான் சொன்னால் அவள் குறிகளோடு பொருத்திப் பார்ப்பாளாம். இதைக் கேட்டு, வெளியே கொடுக்கவே கூடாத ஏட்டை அந்த அறைக்குப் பொறுப்பானவர் தன் பொறுப்பில் இரண்டு நாளுக்குக் கொடுத்துவிட்டார்.

கொண்டுவந்ததும் மகள் கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள். நான் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஓலையில் பூச்சி அரித்த ஓட்டைகள். எங்கள் வீட்டுச் சாதக ஓலைகளெல்லாம் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும், பூச்சி அண்டாது. இவ்வளவு படித்தவர்களுக்கு இது தெரியவில்லையே என்று எனக்குள் ஒரு சிரிப்பு வேறு. ஏட்டையும் அங்கே தொங்கிய உறியில் வைத்தேன். சோறு வேகப் பிந்துகிறதென்று ஒரு பிடி காவோலையை, காய்ந்த பனையோலையை, அடுப்பில் திணித்தேன். குப்பென்று எழுந்த நெருப்பு உறிக் கயிற்றைப் பிடித்தது. ஏடு அடுப்புக்குள் விழுந்தது.

கையை விட்டு இழுத்தேன். விரல் கொப்பளித்ததே தெரியவில்லை. இரண்டு ஓலைகள் பாதி கரி.

ஈரத் தலையோடு ஓடிவந்த மகள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். “அது எங்கட சாமான் இல்லையணை! அந்தாளின்ர வேலை போகப்போகுது. என்னையும் படிப்பை விட்டுக் கலைச்சுப் போடுவினம்!”

மறுநாள் காலை வள்ளத்தில் ஏறினோம்.

“எலி கடிச்சதெண்டு சொல்லுவமே?” என்றேன்.

“எலி கடிச்சாக் கரி வருமோ? பேசாமல் இரணை!”

வள்ளத்தில் வருகிறவர்களையெல்லாம் பகிடி பண்ணுகிறவள் நான். அன்று பொட்டலத்தை மடியில் அணைத்துக்கொண்டு, இது கவிழ்ந்தால்கூட நல்லதென்று நினைத்தேன். அடுத்த கணம் அந்த நினைப்புக்கே நடுங்கினேன். அக்கரையில், குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ் ஏறி நூலகத்துக்குப் போனோம்.

அறைக்குப் பொறுப்பானவர் பொட்டலத்தைப் பிரித்து, கரிந்த ஓலைகளை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார்.

“நான்தான் ஐயா, புகைக்குத் தொங்கவிட்டனான். பிள்ளையில பிழையில்லை.” என் மகன் வயதுக்காரரை ஐயா என்றேன்!

அவர் ஏசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. காகிதமும் பேனையும் எடுத்தார். “எரிஞ்ச இடத்தில என்ன இருந்திருக்கும், சொல்லுங்கோ அம்மா.”

மிஞ்சியதை வாசித்தார். “முந்திரி இரண்டு அரைக்காணி, அரைக்காணி இரண்டு காணி...”

“காணி இரண்டு அரைமா, அரைமா இரண்டு ஒருமா” என்று நான் தொடர்ந்தேன். எழுதிக்கொண்டார்.

இரண்டாவது ஓலையை வாசித்தார். நான் கேள்விப்படாத கணக்கு. பேனை காத்திருந்தது. மகள் என்னையே கெஞ்சுவதுபோலப் பார்த்தாள். வாய்க்கு வந்ததைத் தாளத்தோடு சொன்னால் எழுதிவிடுவார். புளுகிப் புளுகி ஊரையே பேய்க்காட்டியவளுக்கு அது பெரிய வேலையா? ஆனால் நான் சொல்வது அந்த அறைக்குள் போய்விடும். எவரோ பெற்ற பிள்ளை அதைக் கணக்கென்று நம்பிப் படிக்கும்.

“இது எனக்குத் தெரியாது ஐயா.”

அவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டார். பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். “இனி ஏடு உங்கட வீட்டை வராது அம்மா. நீங்கள்தான் ஏட்டிட்டை வரவேணும்.”

மேலிடத்தில் அவர் நன்றாக ஏச்சு வாங்கினாராம். வேலை தப்பியது, மகளின் படிப்பும் தப்பியது. எரிந்த கணக்கு மட்டும் எரிந்ததுதான்.

இன்றைக்கும் நான் வாய் நிறையப் புளுகுகிறவள்தான்; ஆனால் ஒருவர் பேனையைத் திறந்து என் வாயைப் பார்த்தால் போதும், அந்த வெறும் இடம் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.