செங்கணியின் இடக்கை வாள்

2006 ஜூன். திருநெல்வேலியில் ஏறிய பேருந்து என்னைத் திருப்பூரில் இறக்கிவிட்டபோது காலை ஆறு மணி. டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். கம்பெனி வேன்கள் அதற்குள் ஆட்களை அள்ளிக்கொண்டு ஓடின. ஊரிலேயே நான் மட்டும்தான் கொட்டாவி விட்டேன்.

அந்தோணி வந்து பையை வாங்கிக்கொண்டான். கல்லூரியில் நாங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் பதினோரு தீவுகள் கொண்ட ஒரு மாய உலகம் இருந்தது. கதை என்னுடையது, படம் அவனுடையது. பறக்கும் முதலைமேல் வரும் படைத்தலைவி செங்கணிதான் நாயகி. இப்போது அவன் ஒரு பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறான். முதலாளியைக் கெஞ்சி ஆயிரம் பனியன்களில் செங்கணியை அச்சடித்தான். அங்கேதான் சறுக்கல்: ஃபிலிமைத் திருப்பி வைத்து ஸ்கிரீன் எடுத்துவிட்டான். கண்ணாடியில் தெரிவதுபோல் படம் இடம் வலம் மாறி, வலக்கை வாள் இடக்கைக்குப் போய்விட்டது.

"ஏலே, நம்ம கதையில இடக்கையில வாள் பிடிக்கவன் எதிரிப் பயலாச்சேலே!"

"சிரிக்காதலே. சாயங்காலத்துக்குள்ள சரக்கு போகலன்னா என்னை மூட்டையக் கட்டச் சொல்லிட்டாரு."

வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்த கடைக்காரர், இடக்கை ராசியில்லை என்று வேண்டாமென்றுவிட்டார். சென்ற மாதம் வெளியூர் வியாபாரிகள் சிலர் மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்துப் போனதோடு சரி. மிச்சமெல்லாம் கிடங்கில். அதைக் கதை சொல்லி விற்கத்தான் அந்தோணி என்னை வரவழைத்திருந்தான்.

பத்து மணி, காதர்பேட்டை பனியன் சந்தை. பனியன் மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடிகிறது. பட்டறை முதலாளி தன் விற்பனைக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க தம்பி, கதை எழுதுனவரு நீங்கதானுங்களா? சொல்லி வித்துப்போடுங்க, பார்க்கலாம்."

குரலில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை.

மாதிரி எடுத்துப் போயிருந்த கோழிக்கோட்டு வியாபாரி ஒருவர் வந்தார். நான் முதல் தீவிலிருந்து ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டினார்.

"நிக்கு மோனே. கதை அதல்ல. வெள்ளத்துல போன குழந்தைய வலக்கையில பிடிச்சிருக்கா. அதான் வாள் இடக்கையில. எங்க பசங்க எல்லாம் சொல்றாங்க."

படத்தில் அந்த வலக்கை முதலையின் கழுத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது உண்மைதான்.

"எழுதினவனே நான்தாங்க!"

"அப்போ நீ தப்பா எழுதி!"

"நஹி நஹி!" பின்னாலிருந்து, இமயமலை அடிவாரத்துச் சிலிகுரியிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் பாய்ந்து வந்தார். அவரும் மாதிரி எடுத்தவர்தான். "ரைட் ஹேண்ட் புலிக்குக் குடுத்தாச்சு. கிராமம் காப்பாத்தறதுக்கு. அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும்!"

குழந்தையா, புலியா? இருவரும் குரலை உயர்த்த, சந்தையே கூடிவிட்டது. விஜயவாடாக்காரர் ஒருவர் படத்தை உற்றுப் பார்த்து, அந்தக் கையில் வேறொரு வாள் இருக்கிறது என்றார். நான் என் தீவுகளை விட்டுவிட்டுப் பில் புத்தகத்தை எடுத்தேன். அந்தோணி மூட்டைகளைப் பிரித்தான். கோழிக்கோட்டாருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாதென்று சிலிகுரிக்காரர் இரட்டிப்பாகக் கேட்டார். ஒரு மணிக்குக் கடைசி மூட்டையும் வண்டி ஏறிவிட்டது!

முதலாளி எழுந்தே விட்டார். "ஏப்பா அந்தோணி, அடுத்த லாட்டு எப்பப் போடலாம்?"

"நாளைக்கே போடலாம் மொதலாளி. இந்தத் தடவ ஃபிலிம சரியா வச்சு..."

"ஐயோ, கைய மாத்தண்டா!"

"ஹாத் மத் பதல்னா!"

அதுவரை அடித்துக்கொண்டிருந்த இருவரும், கையை மாற்றாதே என்று ஆளுக்கொரு மொழியில் ஒன்றாகக் கத்தினார்கள். முதலாளி சிரித்தார்.

"கேட்டுக்கிட்டியா கண்ணு? தப்பாவே போடு."

மாலை நான்கு மணிக்குப் பேருந்து ஏறினேன். எங்கள் ஊரில் அந்தப் பத்திரிகை விடுதி வராந்தாவைத் தாண்டியதில்லை. இங்கே செங்கணி ஒரே மாதத்தில், என் துணையில்லாமலே, மலையும் கடலும் பார்த்துவிட்டாள். பல்லடம் தாண்டும்போது முடிவெடுத்தேன்: இனி அவள் இடக்கைக்காரிதான். ஆனால் வலக்கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதவே போவதில்லை. அவர்கள் சண்டை போடட்டும். போடப் போடத்தானே அவள் இன்னும் நாலு ஊர் போவாள்!