நெகட்டிவ் வந்த காய்ச்சல்

போன மாதம் ஒரு காலை. எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்வீட்டு ஃபாரூக் பாய், மாஸ்க்கும் மொபைலுமாக வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். ஆறு நாளாகக் காய்ச்சலில் கிடந்த மனிதர்!

"சார், மூக்குல குச்சி உட்டு எடுத்தாங்கல்ல... கொரோனா நெகட்டிவ்! சாயங்காலம் வேப்பம்பட்டு போறேன். பேத்தி பொறந்து பதினைஞ்சு நாள் ஆவுது, இன்னும் மூஞ்சியக்கூடப் பாக்கல."

பூந்தமல்லியில் லாரி பட்டறை வைத்திருப்பவர். பேச்சை முடிப்பதற்குள் இருமல்.

"காய்ச்சல் வுடவே இல்ல சார். டாக்டராண்ட இட்டுகினு போங்க" என்றார் அவர் மனைவி நூர்ஜஹான்.

கார் கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் கிளம்பினோம்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். பாயின் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்றைந்து.

"இதோடவே வராண்டாவுல ஆறு நிமிஷம் நடங்க பாய்."

நடப்பதெல்லாம் ஒரு டெஸ்ட்டா? எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கறீங்களா டாக்டர்?" – சிரித்துக்கொண்டே நடந்தார் பாய். நாலாவது நிமிடம்... எண்பத்தெட்டு!

"நில்லுங்க. மூச்சு வாங்குதா?"

"இல்லியே. நல்லாத்தான் கீறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. உடனே மார்புக்கு சி.டி. ஸ்கேன் எழுதினார். எடுத்து வந்த படத்தில், கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரலின் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருந்தது. நிமோனியா.

"அப்போ அந்த நெகட்டிவ்?" என்றேன்.

"மூக்குல தேடினோம், கிடைக்கலை. கிருமி கீழே இறங்கியிருக்கலாம். குச்சி சரியாப் படாமலும் இருந்திருக்கலாம்."

"ஸ்கேன்லதான் தெரிஞ்சுபோச்சே?"

"நிமோனியான்னு தெரிஞ்சுது. கொரோனாதான்னு ஸ்கேனை மட்டும் வெச்சு சொல்ல முடியாது. சளி எடுத்து இன்னொரு தடவை அனுப்புவோம்."

வியாதியைக் கண்டுபிடிக்க ஒரு மெஷின் போதும் என்றல்லவா நினைத்திருந்தேன்! ஒவ்வொரு டெஸ்ட்டும் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க ஒரு டாக்டர் வேண்டியிருக்கிறது.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டாவது டெஸ்ட் பாசிட்டிவ். பேத்தியை வீடியோ காலில் பார்த்தவர், பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினாராம். பத்து நாள் கழித்து, பாதி ஆளாக வீடு திரும்பினார்.

போன வாரம் கேட்டேவிட்டேன். "நிஜமாவே அன்னிக்கு மூச்சு முட்டலையா பாய்?"

இல்லை என்று தலையாட்டினார்.

"ஒண்ணுமே தெரில சார்... அதான் இப்போ நெனச்சா பயமா கீது."