அண்டாவில் வெந்த கார்புரேட்டர்

நைனாவின் இடது காலில் சர்க்கரைப் புண். வாராவாரம் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டு மாற்றணும் என்றிருந்தார்கள். ஒரு வாரம் கண்ணமங்கலத்தில் ஏறிய கூட்டத்தில் எவனோ அந்தக் காலையே மிதித்துவிட்டான். அதோடு நைனா பஸ்ஸை விட்டார்.

"கார் ஓடட்டும், வரேன்."

இரண்டு வாரம் போயிற்று. உள்ளூர் கம்பவுண்டர் கட்டு மாற்றினார், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

கார் என்றால், புடவை வியாபாரம் நன்றாக நடந்த நாளில் நைனா வாங்கிய பழைய இங்கிலீஷ் வண்டி. ஆரணியில் எங்கள் தறிக்கூடத்துப் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. எழுபதுகளின் கடைசி, நான் பி.எஸ்ஸி. முடித்து, வேலையில்லாமல், கால் தரையில் பாவாமல் திரிந்துகொண்டிருந்தேன். பானெட்டைத் திறந்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. டைனமோவைத் தாங்கும் பட்டை, பேட்டரித் தட்டு, ஹாரன், சின்னச் சின்ன போல்ட்டுகள், எல்லாம் துருவும் பிசுக்கும். மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கை சலித்தது.

கொல்லையில் அத்தையின் அண்டா இருந்தது. கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுப்பது எங்கள் வீட்டில் அத்தை வேலை, நைனாவுக்கு அக்கா அவள். பட்டு நூலை எடுத்த பிறகு அந்தச் சுடுதண்ணீரில் என் இரும்புகளைப் போட்டேன். பிசுக்கு அப்படியே கழன்று வந்தது.

"இன்னாடா, இரும்புக்கு எண்ணெய்க் குளியலா?" என்றாள் அத்தை. "உனக்கு ஒரு பொண்ணு பாத்துட்டா இந்தப் பேஜாரே இல்ல."

மிச்சம் கார்புரேட்டர். பெட்ரோல் உள்ளேயே காய்ந்து கோந்தாகியிருந்தது. "உள்ள பூரா பசை, அத்தை. அது போய்ட்டா வண்டி கெளம்பிடும்" என்று சொல்லி, கழற்றிக் கொல்லையிலேயே வைத்துவிட்டு, அதற்கு கேஸ்கெட் வாங்க வேலூர் போனேன்.

சாயங்காலம் திரும்பினால் அத்தை முகமெல்லாம் சிரிப்பு. பட்டைப் புரட்டும் மூங்கில் கோலால் அண்டாவிலிருந்து கார்புரேட்டரைத் தூக்கிக் காட்டினாள்.

"பசைதானேடா? பட்டோட பசையே போவுது, இது எம்மாத்தரம்! பட்டுக்கு வைக்கிறத விட ரெண்டு மடங்கு வேக வெச்சிகினு இருந்தேன்."

அது அலுமினியம். சோடா அதைத் தின்றிருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, உள்ளே வெள்ளைப் பொருக்கு, அதற்குள் மேலும் கீழும் ஓட வேண்டிய சின்னப் பிஸ்டன் அசையவில்லை. நான் படித்த கெமிஸ்ட்ரியை அத்தையிடம் சொல்ல வாய் வரவில்லை.

உள்ளேயிருந்து நைனா கேட்டார்: "கெளம்பிடுமா?"

"இல்ல நைனா."

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். கோலைக் கீழே வைத்தாள். அப்புறம் சாப்பிட வரவில்லை. காலையில் காப்பியும் தொடவில்லை, அண்டாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைவரை நொண்டி வந்தார். "யக்கா, காப்பி குடி. ஜல்தி. நான் பஸ்லயே போறேன்." என்னைப் பார்த்து, "அந்தக் கார்புரேட்டரயும் ஒரு துண்டுல சுத்தி எடுத்துக்கோ. வேலூர்ல காட்டலாம்."

பஸ்ஸில் அவர் காலைச் சுற்றி என் இரண்டு கால்களையும் வேலிக்கம்பு மாதிரி ஊன்றி நின்றேன். கண்ணமங்கலத்தில் கூடையோடு ஏறிய ஒரு அம்மாள் நைனாவின் மடியிலிருந்த துண்டு மூட்டையைப் பார்த்தாள்.

"இன்னாங்க அது?"

"ஒடம்பு செரியில்லம்மா. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டிலிருந்து வந்த சோப்பு வாசனையையும் மீறி அவர் காலிலிருந்து ஒரு வாடை வந்துகொண்டிருந்தது.

டாக்டர் கட்டைப் பிரித்தார். சுண்டுவிரல் கறுத்திருந்தது, பக்கத்து விரலும். "ரெண்டு வாரமா எங்கே போனீங்க?" என்றார்.

நைனா துண்டைப் பிரித்து மடியிலிருந்த கார்புரேட்டரை அவரிடம் நீட்டினார்.