பனங்கிழங்கு மாத்திரை

ஒரு மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான், மீதி நிறைய மாவு. இதைச் சொன்னால் கேட்பவர்கள் ஏமாந்துபோன மாதிரி என்னைப் பார்ப்பார்கள். ஐயா, கோபப்படாதீர்கள். அந்த மாவுதான் வயிற்றுக்குள் போனதும் தண்ணீரைக் குடித்து, உப்பி, மாத்திரையை உள்ளேயிருந்து உடைக்கிறது. உடையவில்லை என்றால் மருந்து முழுசாக மறுநாள் காலையில் வெளியே வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் எங்களுக்கு நாலு வருடம் பி.ஃபார்ம் நடத்தினார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கடைசி வருடத்தில் ஆளுக்கொரு கிழங்கையோ கொட்டையையோ பிடித்து, அதன் மாவு மாத்திரையை உடைக்குமா என்று பிராஜெக்ட் செய்ய வேண்டும். சீனியர்கள் தொட்டதை நாம் தொடக்கூடாது. மரவள்ளி, சேனை, சேம்பு, மாங்கொட்டை, பலாக்கொட்டை என்று ஒன்றுவிடாமல் அந்தப் புண்ணியவான்கள் அரைத்துத் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது பனங்கிழங்கு.

எனக்கு அந்த பிராஜெக்ட் விளையாட்டில்லை. அப்பா வேலைபார்த்த அணுமின் நிலையத்தின் அணுபுரம் குவார்ட்டர்ஸில் வைத்து அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "இங்க பாரு கண்ணு. இந்த மே மாசம் பாஸ் பண்ணி வேலைக்குப் போறதுன்னா போ. இல்லீன்னா ஈரோட்டுக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிப்போடுவேன்." ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை மாப்பிள்ளை காத்திருந்தார். திருப்போரூர்ப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் வேலையும் காத்திருந்தது. எனக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஜவுளிக்கடையில் சேலை மடித்துவைக்க என்னால் முடியாது சாமி.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மாமல்லபுரம் குப்பத்திலிருந்து ஒரு அக்கா மீன் கொண்டுவருவார். தை மாதத்தில் கூடையின் ஓரத்தில் பனங்கிழங்கும் இருக்கும். அவரிடமே சொன்னேன், கிழங்கைக் காயவைத்து மாவாக்கித் தரச்சொல்லி. மாசி முடிவதற்குள் ஒரு பெரிய பை நிறையக் கொடுத்துவிட்டார். அதைக் கழுவி வடிகட்டி, பாராசிட்டமாலோடு கலந்து மாத்திரை அடித்தேன். மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்திருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். மைக்ரோஸ்கோப் பீரோவில், பீரோ சாவி ஹெச்.ஓ.டி.யிடம், ஹெச்.ஓ.டி. லீவில்.

மாத்திரை உடைகிறதா என்று பார்க்க ஒரு மெஷின் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் கண்ணாடிக் குழாய்கள் மேலும் கீழும் போய்வரும். கால் மணி நேரத்துக்குள் மாத்திரை உடைந்து கரைய வேண்டும். என் மாத்திரைகள் ஒரு மணி நேரம் நீச்சலடித்துவிட்டு, குளித்த முகத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தன.

மறுநாள் மீன் அக்காவை வாசலிலேயே மடக்கினேன். "அக்கா, அந்த மாவை எப்படிச் செஞ்சீங்க?"

"இன்னா பாப்பா இப்டி கேக்குற? நல்லா வேகவச்சி, கீறி, காயவச்சி அரைச்சேன். உனுக்கோசரம் வெறகு வேற வாங்கினேன். களி கிண்டினியா? நல்லாக்கீதா?"

"வேகவச்சீங்களா!"

"பின்ன? பச்சக் கெயங்க எவனாச்சும் துன்னுவானா? கசப்பு எடுத்துக்கும்."

தப்பு அவருடையதில்லை. பனங்கிழங்கு கையில் கிடைத்தால் அந்தக் கடற்கரையில் யாரும் முதலில் அடுப்பைத்தான் மூட்டுவார்கள். ஆனால் வெந்த மாவு உடைக்காது, ஒட்டும். சினிமா போஸ்டர் ஒட்டுவது அதில்தான். சித்திரை பிறந்துவிட்டது, பச்சைக் கிழங்கு இனி அடுத்த பொங்கலுக்குத்தான். நான் லேபில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

எங்கள் கைடு சார் டீயை உறிஞ்சிக்கொண்டே ஒரு மாத்திரையை நகத்தால் கீறிப் பார்த்தார். "எதுக்கும்மா ஒப்பாரி? மாத்திரைன்னா உடைக்கிற மாவும் வேணும், உதிராம ஒட்டிப் பிடிக்கிற மாவும் வேணும். உன்னுது ஒட்டுது. தலைப்ப மாத்து, ஒட்டுறதுக்கான டெஸ்டெல்லாம் செய்." அட, இவ்வளவுதானா! மிச்சமிருந்த மாவில் கூழ் காய்ச்சி, அதில் பிசைந்து புதிதாக மாத்திரை அடித்தேன். உடைக்கும் வேலைக்குக் கடையில் வாங்கிய சோளமாவைச் சேர்த்தேன். இந்தத் தடவை மெஷினில் கால் மணி நேரத்துக்குள் உடைந்தது, கையில் வைத்து அழுத்தினால் உதிரவில்லை.

வைவாவில் கேள்வி கேட்கச் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "கிழங்கை ஏம்மா வேகவச்சே?" என்றார்.

"பசைத்தன்மை வரணும்னு சார்," என்றேன், கண்ணைச் சிமிட்டாமல்.

அவர் ஒரு மாத்திரையை விரலால் உடைக்கப் பார்த்தார். முடியவில்லை. கைடு சாரிடம் கொடுத்தார். சார் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார், அவருக்கும் முடியவில்லை. "பலே," என்றார் பெரியவர். பாஸ்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். நான் தேறமாட்டேன் என்று முடிவுகட்டி, அப்பா ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச்சொல்லி முந்தைய நாளே போன் போட்டுவிட்டாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "பாஸாயிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாத்துங்கப்பா," என்று, வைவாவில் நடந்ததையெல்லாம் சேர்த்துக் கத்திவிட்டேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து போன் முன்னால் உட்கார்ந்து எஸ்.டி.டி. போட்டார்.

"வணக்கமுங்க. ஞாயித்துக்கிழமை வர வேண்டாமுங்க. புள்ளைக்கு வேலை கெடைச்சிருச்சு." அந்தப் பக்கம் என்னவோ காட்டமாகக் கேட்டிருக்க வேண்டும், அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படி என்ன படிச்சாளா? மாத்திரை செஞ்சிருக்காளுங்க! பெரிய பெரிய ஆளுக ரெண்டு பேரு அமுக்கிப் பார்த்தும் ஒடையலீங்க!"

அந்த நாலு வருடத்தில் என்ன படிக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்காத மனிதர். அந்தப் பக்கம் டொக்கென்று வைத்துவிட்டார்கள். அப்பா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல், "அத்தனை ஸ்ட்ராங்குங்க," என்று இன்னொரு தடவை சொன்னார்.